யார் முதலில் சுட்டது?

ரசிகன் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பது விமர்சகர்களின் பழக்கம். எனக்கும் அது உண்டு. ரசிகன் கூட்டத்தில் இருப்பவன். வாசகன் தனியே இருப்பவன். ரசிகனுக்குப் பரவசம் போதும். வாசகனுக்குப் பிரதி வேண்டும். இப்படி ஒரு கோடு கிழித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம். இந்தக் கோட்டை ஓர் அமெரிக்க வியாபார சினிமாவின் ரசிகர்கள் எப்படி அழித்தார்கள் என்று யோசித்ததில் தோன்றியவைதான் இவை.

ஜார்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வார்ஸ்' 1977 மே 25இல் வெளிவந்தது. அதை உன்னதக் கலை என்று வாதிடுவது என் நோக்கமல்ல. ஆனால் அதைச் சுற்றி எழுந்த பக்தி அசாதாரணமானது. 2001ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,90,127 பேர் தங்கள் மதம் 'ஜெடாய்' என்று எழுதிக் கொடுத்தார்கள். வேடிக்கைக்காக எழுதியவர்கள் அதில் எத்தனையோ பேர் இருக்கலாம். விஷயம் இவ்வளவுதான் என்றால் சமூகவியல்காரர்களிடம் விட்டுவிடலாம். ஆனால் இந்த ரசிகர்களின் நீண்ட சண்டை ஒரு பாடபேதத்தைப் பற்றியது.

ஹான் ஸோலோ ஒரு கள்ளக் கடத்தல்காரன். அவனைப் பிடித்துக் கொடுத்துப் பணம் பெற வந்த கிரீடோ மதுக்கடையில் எதிரே உட்கார்ந்து துப்பாக்கியை நீட்டுகிறான். ஹான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மேஜைக்கடியில் தன் துப்பாக்கியை உருவிச் சுட்டுவிடுகிறான். கடைக்காரனிடம் காசை எறிந்துவிட்டுப் போகிறான். 1977இல் இவ்வளவுதான். 1997இல் வந்த 'ஸ்பெஷல் எடிஷ'னில் கிரீடோ முதலில் சுடுகிறான், குறி தப்புகிறது, பிறகே ஹான் சுடுகிறான். 2004 டிவிடியில் இருவரும் ஏறக்குறைய ஒரே கணத்தில் சுடுகிறார்கள். 2019இல் டிஸ்னி ப்ளஸ்ஸில் வந்த பதிப்பில் சாகுமுன் கிரீடோ புதிதாக ஏதோ ஒரு சொல்லையும் சொல்கிறான்.

'ஹான்தான் முதலில் சுட்டான்' என்பது ரசிகர்களின் கோஷம். பனியன்களில்கூட அச்சாகிற்று. உண்மையில் கோஷமே பிழை. 1977 படத்தில் கிரீடோ சுடுவதே இல்லை; 'முதலில்' என்ற சொல்லே திருத்தத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஆனால் கோஷத்துக்குப் பின்னாலிருக்கும் உணர்வு சரியானது. ஹான் தன் உயிரையும் காசையும் தவிர வேறெதையும் மதிக்காதவனாக அறிமுகமாகிறான். கடைசிச் சண்டையில் அவன் திரும்பி வருவது இதனால்தான் ஒரு சம்பவமாகிறது. தற்காப்புக்காக மட்டும் சுடும் உத்தமன் திரும்பி வந்தால் அதில் என்ன இருக்கிறது? நொடிகூட நீடிக்காத ஒரு திருத்தத்தில் பாத்திரத்தின் இயக்கமே நலிகிறது. இதைக் கண்டு சொன்னவர்கள் விமர்சகர்கள் அல்ல, ரசிகர்கள்.

தன் படைப்பைத் திருத்த ஆசிரியனுக்கு உரிமை உண்டு. இரண்டாம் பதிப்பில் வரிகளை மாற்றாத கவிஞர் யார்? ஆனால் முதல் பதிப்பு ஏதாவதொரு நூலகத்தில் இருந்துகொண்டிருக்கும். லூகாஸ் பழையதை அப்புறப்படுத்தவே விரும்பினார். 2006இல் திருத்தாத படங்கள் டிவிடியாக வந்தன. அதுவும் 1993 லேசர் டிஸ்க்குக்குத் தயாரித்த பழைய மாஸ்டரிலிருந்து எடுத்த மங்கலான இலவச இணைப்பாக. இதே லூகாஸ் 1988இல், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுவதை எதிர்த்து அமெரிக்கக் காங்கிரஸின் முன் சாட்சியம் சொன்னவர். நாளை நடிகர்களின் முகங்களைக்கூடப் புதிய முகங்களாக மாற்றிவிடுவார்கள் என்று எச்சரித்தவர். 1983 படமான 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடா'யின் முடிவில் ஆவியாகத் தோன்றும் செபாஸ்டியன் ஷாவை 2004 பதிப்பில் நீக்கிவிட்டு, இளம் நடிகர் ஹேடன் கிறிஸ்டென்சனை நிறுத்தியவரும் அவரே.

எங்கள் வங்கியில் பேரேடுகளைக் கையால் எழுதிய காலத்து விதி ஒன்றைப் பெரியவர்கள் சொல்வார்கள். தவறான எண்ணைச் சுரண்டி அழிக்கக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். திருத்துவது குற்றமல்ல, சுரண்டுவதுதான் குற்றம். இதைவிட நல்ல பதிப்புக் கொள்கை எனக்குத் தெரியவில்லை.

ரசிகர்கள் செய்தது இதுதான். 1977இல் கொட்டகைகளுக்குப் போன 35 மி.மீ. பிரதியைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு சட்டமாக ஸ்கேன் செய்து, தூசும் கீறலும் நீக்கி '4கே77' என்ற பதிப்பை உருவாக்கினார்கள். காப்புரிமைச் சட்டம் இதற்கு இடம் தராது. லூக்கின் மிதக்கும் வண்டிக்குச் சக்கரம் தெரியாமலிருக்க அன்று லென்ஸில் வாசலின் தடவி எடுத்திருந்தார்கள். 1997இல் கணினியால் அழிக்கப்பட்ட அந்த மங்கல் மூலத்தைத் தேடியவர்களுக்கு வேண்டியிருந்தது. குறையும் மூலபாடத்தின் பகுதி என்று அறிந்தவர்களைப் பாமரர் என்று எப்படி ஒதுக்குவது?

இதே பக்திக்கு இன்னொரு முகம் இருப்பதை மறைப்பது நேர்மையாகாது. 1999 படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸாக நடித்த அகமது பெஸ்ட், தன்மீது பொழிந்த வெறுப்பால் தற்கொலையின் விளிம்புவரை போனதாக 2018இல் சொன்னார். 2017 படத்தில் நடித்த கெல்லி மேரி டிரான் இனவெறி வசைகளைத் தாங்க முடியாமல் இன்ஸ்டாகிராமில் தன் பதிவுகளையெல்லாம் நீக்கிக்கொண்டார். இரண்டு முகங்களும் 'இது எங்களுடையது' என்றே பேசுகின்றன. ஆனால் பிரதியைத் தேடிப் போனவன், இருந்தது இருக்கட்டும் என்கிறான். தன் பால்யத்தைவிட படம் பெரியது என்று அவனுக்குத் தெரியும். வசைபாடியவன் தன் பத்து வயதையே திரும்பத் திரும்பப் படமெடுத்துத் தரக் கேட்கிறான், தராதவர்களைத் தண்டிக்கிறான். முந்தையது வாசிப்பு. பிந்தையது சொத்துத் தகராறு.

2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் நடத்திய விழாவில் 1977இன் அசல் பிரதி ஒன்று திரையிடப்பட்டது. அதில் ஹான் மட்டுமே சுடுகிறான்.

நான் விமர்சனம் எழுதிய நூல்களில் முதல் பதிப்பைத் தேடிப் பார்த்தவை ஒன்றோ இரண்டோதான். ரசிகனைக் கண்டு முகம் சுளிக்கும்போது இனி இது ஞாபகம் வரும்.