ஜாக்கியின் கைகள்

காரமடை வழியே மேட்டுப்பாளையம் கடந்து கோடையில் நீலகிரி ஏறியவர்களுள், உதகையின் நடுவே 1886 முதல் குதிரைப் பந்தயம் நடந்துவந்த மைதானத்துக்கென்றே சென்றவர்கள் பலர். ஆயினும் அவர்கள் குதிரையைக் கண்டார்களேயன்றி, அதன்மேல் குனிந்திருந்த ஜாக்கியின் கைகளைக் கண்டார்களில்லை என்பது என் எண்ணம்.

400 கிலோவுக்கு மேற்பட்ட ஒரு பிராணியை, ஏறக்குறைய 50 கிலோ எடையுள்ள ஒரு சரீரம், சேணத்தில் அமராமல், உயர்த்திக் கட்டிய அங்கவடிகளில் பாதங்களை ஊன்றி முன்னே சாய்ந்தபடி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்துவது பலத்தால் ஆகும் காரியமன்று. கடிவாள வாரின் வழியே குதிரையின் வாயை உணர்ந்து, அதன் சக்தியைக் கடைசி இரண்டு பர்லாங்குக்கென்று சேமித்து வைக்கும் விரல்களே இக்கலையின் ஜீவன். முன்னே சாய்ந்த இந்த ஆசனத்தை 1897-இல் அமெரிக்கரான டாட் ஸ்லோன் இங்கிலாந்தில் காட்டியபோது நகைத்தவர்கள், பின்னர் அதையே கற்றுக்கொண்டார்கள்.

பந்தயத்துக்கு முன்னும் பின்னும் சேணத்தோடு தராசில் ஏற வேண்டியிருப்பதால், பசியே இவர்களுடைய நித்திய அப்பியாசம். எடை குறைந்தால் ஈயம் சேர்க்கலாம், மிகுந்தால் பட்டினிதான். ஜாக்கிகளுள் நெட்டையரான லெஸ்டர் பிக்கட் அந்தக் கடும் விரதத்தைக் காத்து, 18 வயதில், 1954-இல் தொடங்கி, 1983 வரை இங்கிலாந்தின் எப்ஸம் டெர்பிப் பந்தயத்தை 9 முறை வென்றார். நம் நாட்டிலோ பேஸி ஷ்ராஃப், ஜாக்கியாகவும் பின்னர் பயிற்றுநராகவும் இந்திய டெர்பியை வென்றவர்.