‘உங்கள் வீட்டில் இணையம் உண்டா?’

கணக்கெடுப்பாளர் ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “வீட்டில் கைபேசி இருக்கிறதா?” என்று கேட்கிறார். “இருக்கிறது” என்கிறீர்கள். “இணைய வசதி?” “அதுவும் உண்டு.” படிவத்தில் இரண்டு குறிகளை இட்டுவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். நீங்கள் சொன்னதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அந்தக் கைபேசி அப்பொழுது உங்கள் தந்தையாரின் சட்டைப் பையில், அவர் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குத்தான் அது வீடு திரும்பும். பிறகு உங்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கலாம். உங்கள் தங்கைக்குக் கிடைக்காமலே போகலாம். படிவத்தைப் பொறுத்தவரை உங்கள் வீட்டிலுள்ள ஐந்து பேரும் இணைய வசதி பெற்றவர்கள்.

நம் நாட்டில் இணையம் பரவியிருப்பதைப் பற்றி வெளியாகும் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது இந்தச் சட்டைப் பையை மறந்துவிடக் கூடாது.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 24.67 கோடிக் குடும்பங்கள் இருந்தன. அவற்றுள் 63.2 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு தொலைபேசி இருந்தது. இணையத்துடன் கூடிய கணினி 3.1 விழுக்காட்டில் மட்டுமே இருந்தது. 2017-18-இல் நடந்த தேசிய மாதிரிக் கணிப்பின் 75-ஆவது சுற்றில், இணைய வசதியுள்ள குடும்பங்கள் 23.8 விழுக்காடு, கிராமங்களில் 14.9, நகரங்களில் 42. பின்னர் 2025 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த 80-ஆவது சுற்றில் இது 86.3 விழுக்காடாக உயர்ந்துவிட்டது.

இந்த ஏற்றத்தைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சந்தைக்கு வந்த பிறகு இணையத்தின் விலை சரிந்ததை நீங்களே அறிவீர்கள். எனினும் மூன்று எண்களையும் ஒரே கோட்டில் வைத்து வரைபடம் தீட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. 2011-இல் கேட்கப்பட்டது கணினி வழியே கிடைக்கும் இணையத்தைப் பற்றி மட்டும். கைபேசி இணையம் அக்கணக்கில் சேரவில்லை. 2025-இன் எண்ணுக்கோ கைபேசியே அடித்தளம். முதல் முறை முழத்தாலும் அடுத்த முறை சாணாலும் அளந்துவிட்டு, துணி வளர்ந்துவிட்டது என்று சொல்லலாமா?

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அது ‘குடும்பம்’ என்ற அலகிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பு வழக்கில் குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சமைத்து உண்டு, சேர்ந்து வாழ்வோரின் தொகுதி. சோறு, விளக்கு, குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றை அளக்க இது நல்ல அலகு. கூடத்தில் மின்விளக்கு எரிந்தால் அதன் ஒளி தாத்தாவின் மீதும் விழுகிறது, பேத்தியின் மீதும் விழுகிறது. ஒருவர் படிப்பதால் மற்றவருக்கு வெளிச்சம் குறைவதில்லை. ‘வீட்டில் மின்சாரம் உண்டா?’ என்று ஒரு தடவை கேட்டால் போதும். கைபேசி அப்படிப்பட்ட பொருளன்று. ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் அது இருக்கும். அதற்குப் பூட்டு உண்டு. பூட்டைத் திறக்கும் எண் யாருக்குத் தெரியும் என்பதும் உண்டு. விளக்கைக் கேட்பது போலவே கைபேசியையும் கேட்டதுதான் பிழை.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தன் கையேட்டில் தந்துள்ள விளக்கம் என்னவோ சரியானதுதான். வீட்டில் இணையம் உண்டு என்றால், அக்குடும்பத்தின் எந்த உறுப்பினரும் எந்நேரமும் வீட்டில் அதைப் பயன்படுத்தும் நிலை இருக்க வேண்டும் என்கிறது அது. இந்த வரையறையைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் சட்டைப் பையில் வெளியே போகும் கைபேசி தேறாது. ஆனால் திண்ணையில் அமர்ந்திருப்பவர் அவ்வளவு துருவிக் கேட்பதில்லை. அவருக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி இருக்கின்றன.

குடும்பத்தின் உள்ளே பார்த்தால் என்ன தெரியும்? 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு வீட்டையும் கேட்டது, பெண்ணையும் தனியே கேட்டது. கைபேசி உள்ள குடும்பங்கள் சுமார் 93 விழுக்காடு. ‘நீங்களே பயன்படுத்தும் கைபேசி உங்களிடம் உண்டா?’ என்று 15 முதல் 49 வயதுள்ள பெண்களைக் கேட்டபோது ஆம் என்றவர்கள் 54 விழுக்காட்டினர். கிராமப்புறத்தில் 46.6. என்றாவது ஒரு நாள் இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்ற கேள்விக்கு ஆண்களில் 57.1 விழுக்காடும் பெண்களில் 33.3 விழுக்காடும் ஆம் என்றனர். 93-க்கும் 54-க்கும் இடையே உள்ள தொலைவு முழுவதும் வீட்டு வாசலுக்கு உட்புறத்தில் இருக்கிறது. கோபுரங்களை எத்தனை உயரமாகக் கட்டினாலும் அந்தத் தொலைவு தானாகக் குறையாது.

மாணவர்களாகிய உங்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ‘அசர்’ என்னும் கல்வி ஆய்வு. பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தையொட்டி, 2021-இல், அது கிராமப்புறக் குழந்தைகளைப் பற்றி விசாரித்தது. பள்ளியில் சேர்ந்துள்ள குழந்தைகளில் 67.6 விழுக்காட்டினரின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆய்வு அத்தோடு நிற்காமல், ‘அது குழந்தையின் கைக்குக் கிடைக்கிறதா?’ என்றும் கேட்டது. அந்த வீடுகளிலேயே 26.1 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 67.6 என்பது ஏறத்தாழ 50 ஆகச் சுருங்கிவிடும். கூடுதலாகக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதனால் வெளிப்பட்டவர்கள் நூற்றுக்குப் பதினேழு பதினெட்டுக் குழந்தைகள்! (இந்த ஆய்வு தொலைபேசி வழியே நடந்தது. போனே இல்லாத வீடு தொடக்கத்திலேயே விடுபட்டுப் போகும். ஆகவே உண்மை நிலை இதைவிடச் சற்று மோசமாகவே இருந்திருக்கும்.)

தொலைபேசி அடர்த்தி என்ற எண்ணைப் பற்றியும் இரண்டு சொற்கள். நூறு பேருக்கு எத்தனை இணைப்புகள் என்பதே இது. தில்லிக்கு இது இருநூறுக்கும் மேல் வருகிறது. தில்லிவாசிகளுக்குக் காதுக்கு ஒன்றாக இரண்டு போன் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே ஆள் இரண்டு சிம் அட்டை வைத்திருப்பது ஒரு காரணம். நொய்டா, காசியாபாத், குர்கான், ஃபரிதாபாத் ஆகிய அண்டை நகரங்களின் இணைப்புகளும் தில்லி வட்டத்தில் சேர்வது இன்னொரு காரணம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதைத் தன் அறிக்கையின் அடிக்குறிப்பில் ஒளிவுமறைவின்றிச் சொல்லியே விடுகிறது. செய்தித்தாள்கள்தாம் அடிக்குறிப்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

இணைப்பு இருந்தாலும் அது மாதம் முழுவதும் உயிரோடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முன்பணத் திட்டங்களில் பல 28 நாளுக்கானவை. ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்பது நம் கணக்கு. 28 நாள் திட்டத்துக்குப் பதின்மூன்று மாதம். குறைந்தது ஒரு திட்டமாவது 30 நாளுக்கு இருக்க வேண்டும் என்று ஆணையம் 2022-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. கூலி வரும் நாளுக்கு முன்பே திட்டம் முடிந்துவிட்டால், அந்தச் சில நாட்களில் வீட்டில் இணையம் இல்லை. படிவத்தில் அந்த நாட்களுக்கு இடமில்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். 2021 மே மாதத் தொடக்கத்தை நினைவுகூருங்கள். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, 18 முதல் 44 வயது வரை உள்ளவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள ‘கோவின்’ என்னும் மின்தளத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும் என்றிருந்தது. ஒரு கைபேசி எண்ணில் நால்வர் வரை பதியலாம் என்ற சலுகையும் இருந்தது. அதாவது, வீட்டுக்கு ஒரு கைபேசி இருந்தால் வேலை முடிந்தது என்ற எண்ணம்! மே 24 அன்று, அரசு மையங்களில் நேரில் பதிய இடம் தரப்பட்டது. மே 31 அன்று உச்ச நீதிமன்றம், இணையம் எட்டாத மக்கள் என்ன செய்வார்கள் என்று அரசிடம் கேட்டது. தவறாக அளந்த ஓர் எண் உயிர்காக்கும் ஊசிக்குக் குறுக்கே வந்து நிற்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 31 வினாக்களில் இணைய வசதி பற்றிய வினாவும் இருந்தது. அது குடும்பத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்றன்று. பெருந்தொற்றால் அந்தக் கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. இப்பொழுது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் கணக்கெடுப்பில், குடும்பத்தார் தாமே இணையம் வழியே விவரங்களைப் பதியவும் வழி செய்யப்பட்டுள்ளது. உங்கள் வீட்டில் அப்படிப் பதிவதாக இருந்தால், கைபேசி யார் கையில் இருக்கிறது என்று அப்பொழுது பாருங்கள்.