அதென்ன ‘ஆம்’?

மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் ஜேர்மன் படித்த மூன்றாம் ஆண்டில் காஃப்காவின் ‘விசாரணை’யை மூலத்தில் வாசித்தோம். அதற்கு முன்பே ஆங்கிலத்தில் வாசித்திருந்ததால், கதை தெரியும் என்ற துணிச்சலோடு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கதை தெரிந்துதான் இருந்தது. அதில் யார் பேசுகிறார்கள் என்பதைத்தான் நான் கவனித்திருக்கவில்லை.

அந்தக் கட்டத்தில் மாணவர்களைத் திணறடிப்பவை மூன்று. துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடுவது ஒன்று. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு முழு வாக்கியத்தையே அடைமொழியாகக் கட்டிவிடுவது இன்னொன்று. பிறர் சொன்னதைச் சொல்வதற்கென்றே இருக்கும் ‘கொன்யுங்க்டிவ்’ என்ற வினைவடிவம் மூன்றாவது. பக்கத்தில் இருந்த அவுஸ்திரேலிய நண்பர்கள் முதல் இரண்டோடும் மல்லுக்கட்டினார்கள். எனக்கு அவை வீட்டுச் சாமான்கள். ‘நேற்று சிட்னியிலிருந்து வந்துசேர்ந்த ரயில்’ என்ற சொல் ஒழுங்கை அப்படியே ஜேர்மனில் வைக்கலாம். ஆங்கிலத்தில் வைக்க முடியாது. ஆனாலும் பாடம் ஆங்கிலத்தில் நடந்ததால், நானும் தமிழை விட்டு ஆங்கிலம்வழி சுற்றித்தான் போய்வந்தேன். சீகன்பால்கு 1716இல் ஹாலேயில் அச்சிட்ட தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவில் எப்போதும் மூன்றாவது ஒன்று நின்றுகொண்டிருக்கிறது.

மூன்றாவது சிக்கலில்தான் அந்தச் சுற்றுவழியின் நட்டம் தெரிந்தது. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ் ஓர் ஈற்றில் காட்டிவிடுகிறது. ஜேர்மன் அதை வினையின் வடிவத்தை மாற்றிக் காட்டுகிறது. சொல்பவர் அதற்குப் பொறுப்பேற்கவில்லை, கேட்டதைச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதற்கென்று தனி வடிவம் இல்லை. காலத்தை ஒருபடி பின்னுக்குத் தள்ளிவிட்டு, ‘அவர் சொன்னார்’ என்பதை இடைக்கிடை ஞாபகப்படுத்த வேண்டும்.

‘விசாரணை’யில் வழக்கறிஞர் ஹுல்ட், யோசெஃப் கே.யின் வழக்கைப் பற்றிப் பேசும் இடத்தை எடுத்துக்கொள்வோம். முதல் மனு ஏறக்குறையத் தயார், மனுக்களை நீதிமன்றம் சில வேளை வாசிப்பதே இல்லை, முக்கியமானவை தனிப்பட்ட தொடர்புகள்தான் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. மேற்கோள்குறி இல்லை. ‘என்றார்’ திரும்பத் திரும்ப வருவதில்லை. வினைகள் மட்டும் கொன்யுங்க்டிவில் நின்று, ‘இது அவர் வாய்ச்சொல், கதைசொல்லி உறுதிசெய்யவில்லை’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஆங்கிலத்தில் இந்தப் பகுதி சாதாரண இறந்தகாலமாகிவிடுகிறது. வில்லா, எட்வின் மியூர் தம்பதியின் 1937ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு முதல் எவருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. சில வாக்கியங்கள் போனதும் வழக்கறிஞரின் அளப்பு, நீதிமன்றத்தைப் பற்றிய தகவலாக மாறிவிடுகிறது. நானும் அதைத் தகவலாகத்தான் வாசித்திருந்தேன். உண்மையில் கே.க்கு நீதிமன்றத்தைப் பற்றிக் கிடைக்கும் அறிவில் பெரும்பகுதி இப்படிப் பிறர் வாய்வழி வந்ததுதான். நாவலின் பயங்கரம் நீதிமன்றத்தின் கொடுமையில் மட்டும் இல்லை, இந்த ‘ஆம்’களிலும் இருக்கிறது.

காஃப்கா 1906இல் சட்டத்தில் பட்டம் பெற்றவர். 1908 முதல் பிராக்கில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மனிதரின் வாக்குமூலம் கோப்புக்குள் போகும்போது எந்த வினைவடிவம் எடுக்கும் என்பது அவருக்குத் தொழில்முறையாகவே தெரிந்திருக்கும்.

எனக்கு அது ஒரு கடிதத்தால் தெரிந்தது. ஜேர்மனியில் இருக்கும் என் சின்னம்மாவின் அகதி விண்ணப்பம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிராகரிக்கப்பட்டது. அந்த முடிவுக் கடிதத்தை அவர் கோப்பில் பத்திரமாக வைத்திருந்தார், ஒருநாளும் முழுதாக வாசித்ததில்லை. நான் ஜேர்மன் படிப்பதை அறிந்து படமெடுத்து அனுப்பினார். தொலைபேசியில் வாசித்து மொழிபெயர்த்தேன். அவர் சொன்னவை எல்லாம் கொன்யுங்க்டிவில் இருந்தன. வகுப்பில் கண்டுபிடித்த ‘ஆம்’ கையில் இருந்த பெருமிதத்தில், “பஸ்ஸிலிருந்து இறக்கினார்களாம், இரண்டு நாள் தடுத்து வைத்தார்களாம்” என்று போனேன். சின்னம்மா இடைமறித்தார்.

“அதென்ன பிள்ளை ‘ஆம்’? நான் பட்டதைத்தானே சொன்னனான். ஊர்க்கதை மாதிரி வாசிக்கிறாய்.”

அவர் சொன்னது சரியான விமர்சனம். கொன்யுங்க்டிவ் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நம் ‘ஆம்’ அப்படி நடுவில் நிற்பதில்லை. அதில் ஒரு வம்பும் ஒரு சந்தேகமும் ஒட்டியிருக்கின்றன. ‘தடுத்து வைத்ததாகக் கூறினார்’ என்பது நடுநிலைக்குக் கிட்ட வரும். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘கூறினார்’ தேவைப்படும். ஆக, இரண்டு மொழிகளிலும் கருவி இருக்கிறது, இரண்டும் ஒரே அளவில் வெட்டுவதில்லை.

ஏ. வி. தனுஷ்கோடி ‘விசாரணை’யை ஜேர்மனிலிருந்து நேரடியாகத் தமிழாக்க, க்ரியா வெளியிட்டது. அந்த முயற்சியின் பெறுமதி சொல்லுக்குச் சொல் சரியா என்பதில் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகும் இந்தச் சிக்கல், நேரே வருபவரின் மேசையில் வந்து உட்கார்ந்தே ஆகும். தமிழில் காஃப்காவைப் பற்றி எழுதும் நாம் அந்நியமாதல், அபத்தம் என்று பெரிய சொற்களோடு நிற்கிறோம். வினைமுற்றைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். என்னைக் கேட்டால், ஹுல்டின் பேச்சுக்கு ‘ஆம்’ பொருந்தும். அவர் விற்பதே செவிவழிச் செய்தியைத்தான், அந்தச் சந்தேகம் அவருக்குத் தகும். சின்னம்மாவுக்குத் தகாது.

கடிதத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இம்முறை, “பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு நாள் தடுத்து வைத்தார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள்.” இலக்கணப்படி பார்த்தால் அது மொழிபெயர்ப்பே அல்ல, கடிதத்தில் ‘நீங்கள்’ என்ற சொல்லே இல்லை. சின்னம்மா கடைசிவரை கேட்டார்.

“இப்ப சரி,” என்றார். “நான் சொன்னனான் எண்டாவது கிடக்குதுதானே.”