தட்டிக்கொடுக்கும் கை

'சபாஷ்' பாரசீகத்திலிருந்து வந்த சொல். 'மகிழ்ந்திரு' என்று பொருள். வாய் அதைச் சொல்லும்போதே கை நீண்டு முதுகில் விழணும். அப்போதுதான் பாராட்டு முழுசாகும். அந்தச் செய்கைக்குத் தமிழில் 'தட்டிக்கொடுத்தல்' என்று பேர். கள்ளங்கபடில்லாத செய்கை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். நம் முதுகைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

நன்னிலம். நல்ல நிலம் என்று ஊருக்குப் பேர். இந்தக் காவிரி வயல்காட்டில் பண்ணையாள் உழுது பரம்படித்து முடித்தால், வரப்பிலிருந்து ஒரு 'சபாஷ்டா' வந்திருக்கலாம். கை வந்ததில்லை, தொட்டால் தீட்டு. அதே கை வண்டிமாட்டைத் தட்டிக்கொடுத்தது. பண்ணையாள் முதுகுக்குச் சாட்டை. சாட்டைக்குத் தீட்டில்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுதி வாங்க, 1944 மன்னார்குடி ஒப்பந்தம் வரை போராட வேண்டியிருந்தது. சபாஷுக்குச் செலவில்லை, கூலி நெல்லுக்குத்தான் செலவு. அதைக் கூட்டிக் கேட்ட கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

இப்போது கையும் வருகிறது. தீட்டுப் பார்க்காத முற்போக்குக் கை. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்த பிறகு, தலித் எழுத்தின் முதுகில் அது தாராளமாகவே விழுகிறது. அனுபவம் நிஜம், மொழி வீரியம், வடிவந்தான் இன்னும் கூடிவரணும் என்கிற தோரணை. யார் யாரைத் தட்டிக்கொடுப்பது? வாத்தியார் மாணவனை, முதலாளி வேலையாளை, உழுகிறவன் மாட்டை. பேரன் தாத்தாவைத் தட்டிக்கொடுப்பதில்லை. கை எப்போதும் மேலிருந்துதான் இறங்குகிறது. தட்டுகிறவன் பின்னால் நிற்கிறான். அவன் முகம் நமக்குத் தெரிவதில்லை.

அப்ப பாராட்டே வேணாங்கிறியா என்று கேட்கலாம். வேணும். ஒருத்தன் நல்ல காரியம் செய்தால் நம்ம தெருவில் 'கையக் குடுடா' என்கிறோம். இதிலும் 'கொடு' இருக்கிறது. ஆனால் கேட்கிறவன் பாராட்டுகிறவன், கொடுக்கிறவன் பாராட்டப்படுகிறவன். தட்டிக்கொடுத்தலில் அவர் கொடுக்கிறார், நாம் வாங்குகிறோம். கைகொடுத்தலில் அவர் கேட்கணும். கேட்க, முன்னால் வந்து நிற்கணும்.

விமர்சகர் அப்படி வந்து நிற்கட்டும். பிரதியோடு மல்லுக்கட்டட்டும். தப்பிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லட்டும், பதில் சொல்வோம். பிடித்திருந்தால் கையைக் கேட்கட்டும், கொடுப்போம். முதுகு மட்டும் வேணாம். அது வாங்கினது போதும்.