எழுத்துக்குக் குடிபெயர்ப்பு உண்டா?

2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். அதனை விரும்பாதோர் பலர் மாஸ்டடானை நாடினர். ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ 2016-இல் உருவாக்கிய இவ்வலையமைப்புக்கு ஒற்றை முதலாளி இல்லை. வழங்கிக் கணினிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகி, தனி விதிகள். எனினும் ஒன்றில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு உரையாடலாம். மஹல்லாதோறும் தனி ஜமாஅத் இருந்தும் கொள்வினை கொடுப்பினை தடைபடாதது போன்றது இது.

இவ்வமைப்பை நாம் வரவேற்கிறோம். ஆயின் இதன் புகழ் பாடுவோர் சொல்லாமல் விடும் குறையொன்று உண்டு. வழங்கி மாறுகிறவரைப் பின்தொடர்வோர் அவருடன் வருவர். அவர் எழுதியவை வாரா. அவற்றைப் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். புதிய இடத்தில் பதிக்க இயலாது. 2023-இல் மாஸ்டடான்.லோல் என்னும் வழங்கியை, பயனர் பூசலால் மனம் சலித்த நிர்வாகி மூடிவிட்டார். முன்னறிவிப்புத் தந்தே மூடினார் என்பது உண்மை. ஆயினும் பல்லாயிரவர் எழுத்து ஒருவரது மனநிலையைச் சார்ந்திருந்தது அன்றோ?

பெருமுதலாளியின் தளத்தை விட்டு வெளியேறினால் உறவுகளையும் இழப்போம்; இங்கு அந்த இழப்பில்லை. அவ்வேறுபாடு சிறிதன்று. ஆனால், பாட்டனார் கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் எழுதிய கடிதங்களை இன்றும் பெட்டியில் பேணும் குடும்பங்களுக்கு அது போதாது. சோஷியல்.கோப் என்னும் வழங்கியை அதன் உறுப்பினர்களே சந்தா செலுத்திக் கூட்டுறவாக நடத்துகின்றனர். நம் மனத்துக்கு இசைந்தது அந்த ஏற்பாடே.