இன்றைய நாள் போலவே எல்லா நாளும்

சென்ற வருடம் ஒன்றரை மாதம், தினமும் இரவு ஒன்பதரை வாக்கில் என் அம்மாவின் போனில் ஒரு வாக்கியம் வரும். அன்றைக்குச் சாப்பிட்டதையெல்லாம் பதிவு செய்து முடித்துப் பொத்தானை அழுத்தியதும் பச்சைக் கட்டத்துக்குள் தோன்றும். எல்லா நாளும் இன்றைய நாள் போலவே இருந்தால், ஐந்து வாரத்தில் உங்கள் எடை 69.8 கிலோ. அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நான் தமிழில் சொன்னேன்.

"எல்லா நாளும் எப்படிடா ஒரே மாதிரி இருக்கும்?" என்று கேட்டாள்.

விளையாட்டாகக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

அம்மா பயன்படுத்திய செயலி எது என்பது இங்கே முக்கியமில்லை. இந்த வாக்கியம் அதற்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. 2005-இல் தொடங்கப்பட்ட மை ஃபிட்னஸ் பால் தன் பயனர்களுக்கு நாட்குறிப்பின் முடிவில் காட்டிவந்த வாக்கியம்தான் இதன் பிரபலமான வடிவம். பெயரும் நிறமும் மாறினாலும் இந்தத் துறையின் ஆதார வாக்கியம் இதுவே. ஒரு கதையை, கவிதையை எப்படி வரிவரியாக வாசிப்போமோ அப்படி இதை வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நம் காலத்தில் கோடிக்கணக்கான பேர் படுக்கப்போகும் முன் வாசித்த வரி அது. அதில் 'இருந்தால்' என்று ஒரு சொல் இருக்கிறது. சட்டப்படி செயலியைக் காப்பாற்றுவது அந்தச் சொல்தான். ஆனால் யாரும் அதை வாசிப்பதில்லை. எல்லோரும் வாசிப்பது 69.8-ஐ.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு கிடங்கில் அடுத்த மாதம் எவ்வளவு சரக்கு தேவைப்படும் என்று கணிக்கிற நிரல்கள் என் வேலையில் ஒரு பகுதி. ஒரே ஒரு நாள் விற்பனையை வைத்துக்கொண்டு ஐந்து வாரத்துக்குக் கோடு இழுத்து ஒருவன் என் முன் வைத்தால், நிரலைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன். அதையே அம்மாவின் உடம்புக்குச் செய்தபோது எனக்கு உறுத்தவில்லை. பச்சை நிறத்தில் இருந்தது, ஒரு தசமப் புள்ளியும் இருந்தது. தசமப் புள்ளி வந்தாலே எனக்கு மரியாதை வந்துவிடும்.

கணக்கு இதுதான். அம்மாவுக்கு 58 வயது, உயரம் 152 சென்டிமீட்டர், எடை 72 கிலோ. சும்மா படுத்திருந்தாலே உடல் எவ்வளவு எரிக்கும் என்பதற்குப் பெரும்பாலான செயலிகள் 1990-இல் வெளியான மிஃப்லின் சமன்பாட்டைப் பயன்படுத்துகின்றன. அதில் போட்டால் 1,219 கலோரி. (கிலோகலோரி என்று எழுதுவதுதான் சரி. வழக்கத்தை ஒட்டி கலோரி என்றே எழுதுகிறேன்.) அடுத்து ஒரு கேள்வி வரும்: உங்கள் அன்றாட நடமாட்டம் எப்படி? 'உட்கார்ந்தே இருப்பவர்' என்றால் 1.2-ஆல் பெருக்க வேண்டும். 'ஓரளவு நடமாட்டம்' என்றால் 1.375. காலை ஐந்தரையிலிருந்து அம்மா அடுக்களையில் நிற்கிறாளே என்று நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். 1,676 வந்தது. ஒரு நாளைக்கு 1,200 கலோரி சாப்பிட்டால் 476 மிச்சம். ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு 7,700 கலோரி என்று வகுத்து, ஐந்து வாரத்தால் பெருக்கினால் 2.2 கிலோ. 72-இல் கழித்தால் 69.8. ரகசியச் சூத்திரம் எதுவும் கிடையாது, எட்டாம் வகுப்புக் கணக்கு.

இதை மூன்று வருடத்துக்கு நீட்டிப் பாருங்கள். அம்மாவின் எடை நான்கு கிலோவுக்கு வந்து நிற்கும். பிறந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

7,700 என்ற எண்ணுக்கு ஒரு வம்சாவளி உண்டு. மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1958-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்ற விதி அதிலிருந்துதான் பாடப்புத்தகங்களுக்குப் போயிற்று. ஒரு பவுண்டு கொழுப்புத் திசுவில் அடங்கிய சக்தி என்ற அளவில் அது பெரிய தவறில்லை. தவறு, உடம்பை மாறாத ஒன்றாக நினைத்துக்கொண்டதில். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது. சிறிய உடம்பை நடத்த, சுமக்க, சூடாக வைத்திருக்கக் குறைந்த சக்தி போதும். அதற்கு மேலும் உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் 2011-இல் லான்செட் இதழில் இதற்கு மாற்றுக் கணக்கைத் தந்தார்கள். தினசரி உணவில் 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறையவே ஒரு வருடம் ஆகும், கிட்டத்தட்ட முழுவதும் குறைய மூன்று வருடம். அம்மாவின் 476 கலோரிக்கு முதல் வருடத்தில் நேர்கோட்டுக் கணக்கு 22 கிலோவுக்கு மேல் குறையும் என்கிறது. ஹாலின் கணக்கு 10 கிலோ என்கிறது. பாதிக்கும் கீழே. அந்தக் கணிப்பான் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் நேர்கோடு சாகவில்லை, காரணம் நேர்கோடு உற்சாகம் தருகிறது.

முதல் வாரத்தில் அதற்கு ஒரு பொய்ச்சாட்சியும் கிடைத்துவிடுகிறது. சோற்றைக் குறைத்ததும் உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் கரைகிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் வெளியேறுகிறது. அம்மாவுக்கு ஆறே நாளில் 1.1 கிலோ குறைந்தது. "பாத்தியா!" என்றேன். பிறகு மூன்று வாரம் முள் அசையவில்லை.

ஹாலின் கணக்கும்கூட அந்த 476 உண்மையாக இருந்தால்தான். என்னை உண்மையில் உலுக்கியது இந்த இடம். பொறியியல் முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள்: இரண்டு பெரிய அளவுகளைக் கழித்து ஒரு சிறிய அளவை எடுக்காதே, பிழை விடையைத் தின்றுவிடும். எடைக் கணிப்பு முழுக்க அந்தக் கழித்தல்தான்.

செலவுப் பக்கம் பாருங்கள். மிஃப்லின் சமன்பாடு அமெரிக்காவில் 498 பேரை அளந்து எழுதப்பட்டது. இருப்பதில் நல்லது என்று பெயரெடுத்த அதற்கே, பருமனானவர்களில் பத்துக்கு ஏழு பேர் விஷயத்தில்தான் விடை 10 சதவீத எல்லைக்குள் வருகிறது. இந்திய உடல்கள் வேறு ஒரு கேள்வி. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த பழைய சமன்பாடுகள் நம்மவர்களுக்குக் கூடுதலாகக் காட்டுகின்றன என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1990களிலேயே எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு 10 சதவீதம் மட்டும் கூடுதலாகக் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். 1,219 என்பது 1,097 ஆகிறது. நடமாட்டம் பற்றி நான் சொன்னதும் தவறு. மெட்ரோ வேலைக்காக மேடவாக்கம் சாலையைத் தோண்டிப்போட்ட பிறகு கோவிலம்பாக்கத்தில் முட்டிவலிக்காரர்கள் யாரும் நடைப்பயிற்சி போவதில்லை. அம்மாவின் நடை மொட்டை மாடியில் பத்துச் சுற்று, அவ்வளவே. 1.2-ஆல் பெருக்கினால் 1,316. 1,200 சாப்பிட்டால் மிச்சம் 116. நான்கில் மூன்று பங்கு காணாமல் போய்விட்டது. இன்னும் சாப்பாட்டுப் பக்கமே போகவில்லை.

சாப்பாட்டுக் கணக்கின் கதை தமிழ்நாட்டில்தான் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் ஒரு சிறிய ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார், பெரிபெரி நோய்க்காக. அதுவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1937-இல் குன்னூரிலிருந்து ஐக்ராய்டு வெளியிட்ட சிறு நூல்தான் இந்திய உணவுகளின் ஊட்டச்சத்து அட்டவணைக்கு முன்னோடி. பின்னால் சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் அவர் சகாக்களும் அதை விரித்தார்கள். 2017 பதிப்பில் 528 உணவுப்பொருட்கள் இருக்கின்றன. மக்களுக்குப் போதுமான அளவு கிடைக்கிறதா என்று பார்க்க எழுதப்பட்ட அட்டவணை அது. பற்றாக்குறையைக் கண்டுபிடிக்க உருவான எண்களை வைத்து நாம் இன்று பற்றாக்குறையை உண்டாக்கப் பார்க்கிறோம். எண்களுக்கு அது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் அவை பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கான எண்கள். அரிசிக்கு இருக்கிறது, துவரம்பருப்புக்கு இருக்கிறது. எங்கள் வீட்டுச் சாம்பாருக்கு எங்கே போவது?

அந்த இடைவெளியைச் செயலிகள் தாமே போட்ட சமையல் குறிப்புகளாலும் பயனர்கள் இட்ட பதிவுகளாலும் நிரப்புகின்றன. 'இட்லி' என்று தேடினால் ஐந்தாறு விடை வரும், ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசத்தில். எங்கள் இட்லித்தட்டின் குழி எவ்வளவு ஆழம் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி, 100 கிராம் சோறு சுமார் 130. பட்டியலில் தவறான வரியைத் தொட்டால் போதும், ஒருவேளைச் சாப்பாட்டின் கணக்கு தலைகீழ். இப்போது படம் எடுத்தாலே கணக்குச் சொல்கிற வசதிகளும் வந்துவிட்டன. எந்தக் கேமராவுக்கும் தாளித்த எண்ணெய் தெரியாது.

எண்ணெயை நான் வேறு வழியில் அளந்தேன். மாதம் மூன்று லிட்டர் வாங்குகிறோம், பெரியவர்கள் மூன்று, பையன் ஒன்று. நான்கு பேருக்குச் சமமாகப் பிரித்தாலே ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி, அதாவது 200 கலோரி. அம்மாவின் பதிவில் எண்ணெய் என்று இருந்தது சராசரியாக 60.

அந்த 140-ஐ மேலே மிஞ்சிய 116-இல் கழித்துப் பாருங்கள். ஒன்றும் மிச்சமில்லை. அம்மா சொன்னபடி சாப்பிட்டாள், எழுதினாள், எடை குறையவில்லை. இந்த மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். ஐந்தாவது வார முடிவில் தராசு 71.2 காட்டியபோது இந்தக் கணக்கை நான் போடவில்லை. மேற்கோள் காட்ட எனக்கு ஓர் ஆய்வு தயாராக இருந்தது. 1992-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. எவ்வளவு உணவைக் குறைத்தாலும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களைச் சோதித்ததில், தாங்கள் சாப்பிட்டதை அவர்கள் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். நல்ல ஆய்வு. அந்தக் குழுவில் பத்தே பேர். ஆனால் எடை குறையாத யாரையும் பொய்யர் என்று சொல்ல உலகம் முழுக்க அதைத்தான் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன்.

"சாயங்காலம் ஏதாவது சாப்பிடறியாம்மா?"

"டீ மட்டும்தான்."

"இல்ல, எழுதாம விட்டது எதாவது..."

அம்மா பதில் சொல்லவில்லை. போனைக் கண்ணாடிக் கூட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எழுதாமல் விட்டது இருந்தது. பையன் தட்டில் மிச்சம் வைத்த இரண்டு வாய் தோசை. அடிப்பாத்திரத்தில் ஒட்டிய பொரியல். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவது அம்மாவின் வழக்கம். செயலி ஒரு தட்டை எதிர்பார்க்கிறது, அதில் பிரித்து வைத்த உணவை எதிர்பார்க்கிறது. கடைசியில் சாப்பிடுகிற பெண்ணின் சாப்பாட்டை அதில் எந்தக் கட்டத்தில் போடுவது? அவள் மறைக்கவில்லை. அதையெல்லாம் சாப்பாடு என்று அவள் எண்ணியதே இல்லை.

அடுத்த வாரம் முழுக்க இரவுச் சாப்பாட்டில் பாதியைக் குறைத்திருக்கிறாள், யாரிடமும் சொல்லாமல். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டிருக்கிறாள். ஒரு நாள் விடிகாலை நான்கு மணிக்கு என் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அம்மா அடுக்களை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. பேச்சு குழறியது. குளுக்கோமீட்டர் 52 என்றது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து அரைமணி கழித்துதான் சரியானது. "அத்தை, ஏன் கூப்பிடல?" என்று மனைவி கேட்டதற்கு, "அஞ்சாவது வாரம் தாண்டிடுச்சேன்னு பாத்தேம்மா" என்றாள். மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். செயலியின் விதிமுறைகளிலும் எங்கோ இருந்தது, நான் 'சம்மதம்' என்று தொட்ட பக்கத்தில்.

அதற்காக எழுதி வைப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. சாப்பிடுவதைக் குறித்து வைக்கிறவர்கள் மற்றவர்களைவிட அதிகம் இளைக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் இருக்கின்றன. குறிப்பு எழுதுவது நல்ல பழக்கம், அதன் தலையில் தீர்க்கதரிசனத்தைக் கட்டியதுதான் கோளாறு. ஆட்டோடெஸ்க் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வாக்கர் 1991-லேயே பொறியாளர்களுக்காக ஓர் உணவுப் புத்தகம் எழுதினார். தினமும் எடை பார், ஆனால் அந்த எண்ணை நம்பாதே, நகரும் சராசரியை மட்டும் பார் என்பார். அதாவது கணிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்ததிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவது. உடம்பு எவ்வளவு செலவழித்தது என்பதை உடம்பே சில வாரங்களில் சொல்லிவிடும். இன்று சில செயலிகள் அப்படிச் செய்கின்றன. ஆனால் அந்த வழியில் முதல் நாளே சொல்ல எதுவும் இருக்காது. 'ஆறு வாரம் கழித்து வாருங்கள்' என்று சொல்கிற செயலிக்கு யார் சந்தா கட்டுவார்கள்?

மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றினார். செயலியை அழித்துவிட்டேன். இப்போது வெறும் எக்செல் தாள், மூன்று பத்திகள்: எடை, பத்து நாள் சராசரி, குறிப்பு. மூன்றாவது பத்தி அம்மா கேட்டு வாங்கியது. அவள் சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். 'ஆடிக் கூழ்.' 'கரண்ட் இல்லை, மாடிக்குப் போகல.' 'பெரியம்மா வீட்டு விசேஷம், ரெண்டு பாயசம்.' எட்டு மாதத்தில் சராசரி 1.9 கிலோ இறங்கியிருக்கிறது. முட்டிக்கு மருத்துவர் கேட்டது ஐந்து.

நேற்று 70.3. குறிப்பு என்ன போடுவது என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லடா. சும்மா இருந்தேன்னு போடு."