அச்சுச் செலவு யாருடையது? காவிரிப் படுகையில் நூல் வெளியீடு

எழுதி முடித்த பிரதி நூலாக வேண்டுமானால் முதலில் தீர வேண்டியது பணக் கணக்கு. தாள், அச்சு, கட்டுமானம் ஆகியவற்றின் செலவை யார் ஏற்பது, விற்காமல் தேங்கினால் நட்டம் யாருக்கு என்பதைப் பொறுத்தே நூலின் உரிமையும் வருவாயும் போகும் திசை அமைகிறது. புதிதாக எழுத வருபவர் பதிப்பாளரின் பெயரை விசாரிப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியது இதைத்தான். காவிரிப் படுகையில் முந்நூறு ஆண்டுகளாக இந்தக் கணக்கு பல விதமாகப் போடப்பட்டிருக்கிறது.

தரங்கம்பாடியில் செலவை ஏற்றது சமய நிறுவனம். 1706இல் வந்திறங்கிய சமயப் பணியாளர் சீகன்பால்குவுக்கு லண்டனிலிருந்து அச்சுப்பொறியும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் வந்தன. வந்த எழுத்துகள் உருவில் பெரியவை, தாளை விழுங்கின. அதனால் சிறிய எழுத்துகளை உள்ளூரிலேயே வார்த்தார்கள். பக்கத்திலுள்ள பொறையாறில் தாள் ஆலை ஒன்றும் எழுந்தது. புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக அச்சேறியது. எழுத்தின் அளவு கூடினால் பக்கம் கூடும், பக்கம் கூடினால் முதலீடு கூடும் என்ற பாடம் இன்றைய பக்க வடிவமைப்பாளருக்கும் பொருந்தும்.

உ. வே. சாமிநாதையருக்கு அப்படியொரு நிறுவனப் பின்புலம் வாய்க்கவில்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரான அவரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பியவர் அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார். பல ஏடுகளை ஒப்புநோக்கிச் செப்பனிட்ட பிரதியை அச்சிட, நூல் வாங்க இசைந்தவர்களிடம் கையொப்பம் திரட்டினார் ஐயர். அச்சகம் சென்னையில், வேலை கும்பகோணத்தில். விடுமுறைகளில் சென்னைக்குப் போய் அச்சு வேலையைக் கவனித்தார். மெய்ப்புத் தாள்கள் தபாலிலும் போய் வந்தன. நூல் 1887இல் வெளிவந்தது. இப்போது முன்வெளியீட்டுத் திட்டம் என்று அறிவிக்கப்படுவது ஏறக்குறைய இந்தக் கையொப்ப முறைதான். வாசகரின் நம்பிக்கையை முதலாகக் கொண்டு அச்சிடும் இம்முறையில் சொன்ன காலத்தில் நூலைக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அடுத்த நூலுக்குக் கையொப்பம் கிடைக்காது.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் யாரிடமும் போகவில்லை. சித்த மருத்துவத்தில் ஈட்டிய பொருளைத் தமிழிசை ஆராய்ச்சியில் செலவிட்ட அவர், 1917இல் கருணாமிர்த சாகரத்தைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய இசை ஆய்வை எந்த வணிகப் பதிப்பாளர் அன்று துணிந்து ஏற்றிருப்பார்? சொந்தச் செலவில் வந்த நூல் என்றாலே தரம் குறைந்தது என்று முகம் சுளிப்பவர்கள் இந்த நூலை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் பத்திரிகைகள் வழிவிட்டன. கும்பகோணத்துக்காரர்களான ந. பிச்சமூர்த்தியும் கு. ப. ராஜகோபாலனும் மணிக்கொடி இதழ் வழியே அறியப்பட்டார்கள். தி. ஜானகிராமனின் மோகமுள் சுதேசமித்திரனில் தொடராக வந்து பிறகு நூலானது. தொடராக வந்த கதைக்கு வாசகர் முன்பே இருப்பதால் பதிப்பாளரின் அச்சம் பாதியாகக் குறைந்தது. எம். வி. வெங்கட்ராம் கும்பகோணத்திலிருந்து ‘தேனீ’ என்ற இதழைத் தாமே நடத்திப் பார்த்தார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. பிழைப்புக்காகப் பதிப்பகத்தார் கேட்ட வாழ்க்கை வரலாறுகளையும் எழுதிக் கொடுத்தார். ‘காதுகள்’ நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவரும் அவரே. எழுத்தின் தரமும் எழுதியவரின் வருமானமும் ஒரே வரப்பில் நடந்ததில்லை.

1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் நூலக வரிக்கு வழி செய்தது. அதன் பின் நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணை, அதாவது நூலக ஆணை, தமிழ்ப் பதிப்புலகின் பெரிய ஊன்றுகோலானது. ஆயிரம் பிரதி அச்சிட்டு நூலகத்தை நம்பியிருப்பது வழக்கமானது. ஆணை தாமதமானால் பதிப்பாளரின் பணம் முடங்கும், எழுத்தாளரின் ராயல்டி அதற்கும் பின்னால் நிற்கும். இப்போது தேவைக்கேற்ப ஐம்பது, நூறு பிரதிகள் அச்சிட முடிவதால் இந்த நிலை ஓரளவு தளர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு அதில் அதிகம். பதிப்பகங்கள் பெரும்பாலும் சென்னையில் குவிந்திருந்தாலும் அன்னம்–அகரம் தஞ்சாவூரிலிருந்து இயங்குகிறது. தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகால் நூலகமும் ஆய்வு நூல்களையும் சுவடிப் பதிப்புகளையும் வெளியிடுகின்றன. கவிதைத் தொகுப்பைச் சுவடிப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. ஒரு பதிப்பகத்தின் நூற்பட்டியலைப் பார்த்த பிறகு அனுப்புவதே முறை.

பிரதி ஏற்கப்பட்டால் அடுத்தது ஒப்பந்தம். தமிழ்ப் பதிப்புலகில் வாய்ப்பேச்சே ஒப்பந்தமாக ஓடியது நீண்ட காலம். கெட்ட வழக்கம் அது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். கால அளவு குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். பெற்ற உரிமையைப் பதிப்பாளர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, அந்த உரிமை காலாவதியாகும். பதிப்புரிமை எழுத்தாளரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிப்பதால், கையெழுத்து வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். எழுத்தாளரே பணம் கொடுத்து அச்சிடும்போது பதிப்புரிமையையும் சேர்த்து எழுதிக் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சொந்தமாக வெளியிடுபவர் பதிப்பாளரின் கடமைகளையும் சேர்த்தே ஏற்கிறார். ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது; எழுத்தாளர் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அந்தச் செலவும் வெளியிடுபவருடையதே.